நகை அடகுக்குப் போக வேண்டாம், அந்தப் பிள்ளை வரையட்டும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அம்மா, மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்க அவளையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வருமானம் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமன் போனிலேயே முடிவைச் சொல்லிவிட்டாராம்: சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா. பாதிப் பணம் அவர் தருவார், மீதிக்கு நகை.

பெண் வாயே திறக்கவில்லை. கையில் இருந்த நோட்டைக் கேட்டு வாங்கினேன். மொபைல் கேம்களின் முகப்புப் படங்களை, தனக்குத் தோன்றியபடி மாற்றி மாற்றி வரைந்து வைத்திருந்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும் 61 நாளில், பெயின்ட் அடிக்கும் படகுகளுக்குப் பெயர் எழுதித் தருவதும் அவள்தான் என்றார் அம்மா, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

“கவலைப்படாதீங்கம்மா, நல்ல வழி இருக்கு” என்றுதான் தொடங்கினேன். அந்த அளவில் நிறுத்த முடியவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் பேசியதைத்தான் மற்ற பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அம்மா, அந்தக் கல்லூரி வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கெட்ட படிப்பு இல்லை. ஆனால் பள்ளியில் புரோகிராமை மனப்பாடம் செய்துதான் எழுதினேன் என்று உங்கள் மகளே சொல்கிறாள். அதையே இன்னும் நாலு வருஷம், கடன் வாங்கிப் படிக்கச் சொல்வது நியாயமில்லை. மாமா பாதி தருகிறார் என்றால் மீதிப் பாதி உங்கள் கழுத்தில் இருந்து போகிறது. அரியர் வைத்தால் மாமாவுக்குக் கோபம் வரும். வட்டி கட்டப்போவது நீங்கள். நர்சிங், டீச்சர் டிரெய்னிங், டிஎன்பிஎஸ்சி பற்றிச் சொல்ல உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

அந்த நோட்டில் இருப்பது ஒரு தொழில். வீடியோ கேம் விற்கும் இணையக் கடைகளில் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு முகப்புப் படம் வேண்டும். கம்ப்யூட்டர் கேம் விற்பதில் பெரிய கடை ஸ்டீம். 2024இல் மட்டும் அங்கே 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வெளிவந்தன. ஒரு கேமைக் கடையில் வைக்க 100 டாலர் கட்டணம், அவ்வளவுதான். அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் சின்னக் குழுக்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவர்களில் பலருக்கு புரோகிராம் எழுத வரும், படம் வரைய வராது. கேம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்தச் சின்னப் படத்தைத்தான்.

அந்தப் படத்துக்குத் தொழிலில் கேப்ஸ்யூல் என்று பெயர். ஒரே படத்தை வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது. கடையில் எங்கே தெரிகிறதோ அதற்கேற்ற அளவு வேண்டும்: அகலமாக ஒன்று, உயரமாக ஒன்று, வாங்கியவரின் லைப்ரரிக்கு, அதாவது அவர் வாங்கிய கேம்கள் அடுக்கியிருக்கும் பக்கத்துக்கு, 600×900 பிக்சலில் ஒன்று, அதே லைப்ரரியின் மேல்பகுதிக்கு 3840×1240இல் எழுத்தே இல்லாத நீண்ட படம் ஒன்று, கேமின் பெயர் மட்டும் தனி லோகோவாக. ஒரே ஓவியத்தை வெட்டி ஒட்டினால் நாயகனின் தலை போகும், இல்லையென்றால் பெயர் போகும். அதனால் ஆள், பின்னணி, எழுத்து மூன்றையும் கண்ணாடித் தாள்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் தனித்தனி லேயரில் வைத்து, ஒவ்வொரு அளவுக்கும் மறுபடி அடுக்குகிறார்கள்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது மிகச் சின்னது. தேடல் பட்டியலில் அது 120×45 பிக்சல் வரை சுருங்கும், கட்டைவிரல் நகம் அளவு. அங்கே வாள், டிராகன், கோட்டை என்று எல்லாவற்றையும் திணித்தால் சேறு மாதிரித்தான் தெரியும். ஒரு முகம், ஒரு நிறம், பெரிய எழுத்தில் பெயர், அது போதும். வரைந்ததைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்க வேண்டும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். அப்போதும் ஆள் பின்னணியில் கரையாமல் நின்றால் படம் தேறும். உங்கள் மகள் இதில் பாதியைக் கரையிலேயே கற்றுவிட்டாள். படகின் பெயரைத் தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி எழுத, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் நிற்கும், எழுத்து எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவள் எழுதிய படகுப் பெயர்களின் படங்களை போனில் காட்டினாளே, அந்த மஞ்சள் எழுத்துக்குக் கரும்பச்சைக் கரை கட்டியிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்திருக்கிறாள்.

அடுத்தது, படம் பொய் சொல்லக் கூடாது. 1987இல் வந்த மெகா மேன் கேமின் அமெரிக்கப் பெட்டியைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கேமுக்குள் இருப்பது கையே பீரங்கியான நீலச் சிறுவன், பெட்டியில் நிற்பது துப்பாக்கி பிடித்த நடுவயது ஆள். இன்றைக்கும் மோசமான அட்டைப் படத்துக்கு அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். இப்போது இந்தத் தப்புக்கு உடனே தண்டனை உண்டு. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அமைதியாகத் தோட்டம் போடுகிற கேமுக்குப் போர்க்களப் படம் வரைந்தால் வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். திகில் கேம், புதிர் கேம், பண்ணை கேம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் எழுத்து வாகும் பழகியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, அதற்குள் தனித்துத் தெரிய வேண்டும்.

விதிகளும் உண்டு. 2022 செப்டம்பரிலிருந்து ஸ்டீம் கேப்ஸ்யூலில் கேமின் பெயரைத் தவிர விருது, மதிப்பெண், தள்ளுபடி என்று எதையும் எழுதக் கூடாது. மொபைல் பக்கம் வந்தால் கூகுள் பிளேயில் 512×512இல் ஐகான், 1024×500இல் ஒரு பட்டைப் படம். அங்கே இரண்டு ஐகானைப் போட்டு எதைப் பார்த்து அதிகம் பேர் இறக்குகிறார்கள் என்று சோதிக்கும் வசதியே இருக்கிறது. தன் படம் வேலை செய்கிறதா இல்லையா என்பது எண்ணில் தெரியும் ஓவிய வேலைகள் குறைவு.

“ஏஐ வந்துருச்சே, இனி யார் வரையச் சொல்லுவா?” என்று மாமா கேட்பார். நியாயமான கேள்வி. 2024 ஜனவரியிலிருந்து, கேமில் ஏஐ கொண்டு செய்தது இருந்தால் ஸ்டீமில் அறிவிக்க வேண்டும். அதை விரும்பாத வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அதனால் ஆள் வைத்து வரையும் குழுக்களும் இருக்கின்றன. சுமாராக வரைகிறவர்களுக்கு இனி கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர்களுக்கும் இதே பயம் இருக்கிறது, அதை மாமா சொல்லவில்லை.

சரி, எங்கே படிப்பது? கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. பிஎஃப்ஏ என்கிற கவின்கலைப் பட்டப்படிப்பு நாலு வருஷம், சேர்க்கைக்கு வரைந்து காட்ட வேண்டும். விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் பிரிவைக் கேளுங்கள். அரசுக் கட்டணம், நகை பெட்டியிலேயே இருக்கும். கணக்கில் வராதது விடுதிச் செலவு. மாமா உதவ நினைத்தால் அதற்குக் கொடுக்கட்டும். லட்சக்கணக்கில் கேட்கும் அனிமேஷன் சென்டர்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். நூறு சதவீத வேலை என்று போர்டு வைத்திருந்தால் உள்ளேயே நுழையாதீர்கள்.

கருவிக்கும் பெரிய செலவு இல்லை. படம் வரையும் மென்பொருள் கிரிட்டா, முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருள் பிளெண்டர், இரண்டும் இலவசம். கம்ப்யூட்டரில் செருகிப் பேனாவால் வரையும், திரை இல்லாத வரைபலகை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும்.

படிக்கும்போதே சின்ன வேலை எடுக்கலாம். அதில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்: முதலில் மூன்று நாலு சின்னக் கறுப்பு வெள்ளை வரைவு, வாடிக்கையாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வண்ணம். பாதிப் பணம் முன்பணம். எத்தனை முறை திருத்தித் தருவாள், படத்தின் உரிமை யாருக்கு, தன் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் அதைக் காட்டலாமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் மாதச் சம்பளம் போல நிலையாக வராது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அவளைக் குத்திக்காட்டக் கூடாது.

சின்னக் குழுக்கள் தங்கள் கேம்களை வைக்கும் இட்ச்.ஐஓ தளத்தில் நல்ல கேமும் மோசமான முகப்பும் உள்ள மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன். விளையாடிப் பார்த்துவிட்டு மூன்றுக்கும் புதுப் படம், பெரிய அளவிலும் நகம் அளவிலும். கல்லூரி விண்ணப்பத் தேதி வருவதற்குள் முடித்துக் கொண்டுவரட்டும். வரும்போது மாமாவின் நம்பரையும் கொடுங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.