தோட்டக் கேள்விகள்: மலையில் செர்ரி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செர்ரியைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஆன்லைனில் இமாசலத்திலிருந்து ஒட்டுச் செர்ரி வரவழைத்து நட்டேன். நாலு வருஷமாகிறது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் ஒரு பூ இல்லை. என்ன உரம் போடலாம்? படம் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், லவ்டேல், ஊட்டி

முதலில் உரத்தை நிறுத்துங்கள் தம்பி. படத்தில் கிளை முழுக்க மொட்டையாக இருக்கிறது, நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை. அது பசி இல்லை, குளிர் போதாத மரத்தின் அடையாளம்.

இனிப்புச் செர்ரி குளிர்காலத்தில் நன்றாகத் தூங்க வேண்டிய மரம். சாதாரண ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1,200 மணி நேரம் வேண்டும். காஷ்மீரிலும் இமாசலத்திலும் அது தானாகக் கிடைத்துவிடும். நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை அறுபது இரவு, இரவுக்கு எட்டு மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் 480 மணிதான். அதிலும் பகலில் வெயில் ஏறி 20 டிகிரியைத் தொட்டால், ராத்திரி சேர்த்ததில் கொஞ்சம் கழிந்துபோகும். ஊட்டியின் உறைபனியைப் பார்த்து, இங்கே எதுவும் காய்க்கும் என்று விற்பவர்கள் இந்தப் பகல் வெயிலைச் சொல்வதே இல்லை.

அதற்காக வெட்டிப் போட வேண்டாம். நாலு வருஷம் என்பது செர்ரிக்குச் சின்ன வயசுதான். ஆறேழு வருஷம் எடுத்துக்கொள்ளும் மரமும் உண்டு. செப்டம்பருக்கு மேல் யூரியாவோ சாணமோ காட்டாதீர்கள். குளிர் வருகிற நேரத்தில் மரம் துளிர்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. நேராக ஏறும் இளங்கிளைகளைச் சணல் கயிற்றால் இழுத்துப் படுக்கை வாட்டத்தில் கட்டுங்கள். படுத்த கிளைதான் சீக்கிரம் பூ மொட்டு வைக்கும்.

இனிமேல் நடுபவர்களுக்கு: வீட்டுக்கு வடக்கே இடம் பாருங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வீட்டு நிழல் மரத்தின் மேல் விழும், மரமும் பகலில் சூடேறாமல் தூங்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நம் ஊரில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. இலை இருக்கும் காலத்தில் அதே இடத்தில் வெயில் கிடைக்கும். ரகத்தையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மின்னி ராயல், ராயல் லீ என்ற இரண்டுக்கும் பாதிக் குளிரே போதும். ஆனால் ஒன்றின் மகரந்தம் மற்றதற்குத் தேவை, ஜோடியாகத்தான் நட வேண்டும். பெயர் தெரியாமல் "எல்லா ஊரிலும் காய்க்கும் செர்ரி" என்று விற்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பழம்தான் முக்கியம் என்றால் என் ஓட்டு பிளம்ஸுக்கும் பீச்சுக்கும்தான்.

அடிமரத்தில் தேன் நிறத்தில் கோந்து வடிகிறது. அக்டோபரில் கிளை கழித்தோம். மரம் செத்துவிடுமா?
– வாசகி, வில்பட்டி, கொடைக்கானல்

அக்டோபரிலா அம்மா! கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற மாதம். வெட்டுக்காயத்தில் ஈரம் நின்றால் நோய் உள்ளே இறங்கிவிடும். கிளை கழிக்க, நாலு நாள் வெயில் அடிக்கும் ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல நேரம்.

கோந்தை விரலால் நசுக்கிப் பாருங்கள். மரத்தூள் நெருடினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. துளையைத் தேடி மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுங்கள். தூள் இல்லாமல் சுத்தமாக இருந்தால், பக்கத்துப் பட்டையைக் கத்தி நுனியால் லேசாகச் சீவுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் கவலை இல்லை, காயம் தானே ஆறும். பழுப்பாக இருந்தால், நல்ல பட்டை தெரியும்வரை செதுக்கிவிட்டு போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை போதும், தகரம் வேண்டாம். பளபளவென்று தேய்த்த இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். கலக்கிய அன்றே பூசிவிட வேண்டும்.

அப்புறம், மரத்தடியில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். செர்ரிக்கு வேரில் சேறு ஆகவே ஆகாது. சரிவில் ஒரு வாய்க்கால் வெட்டி விடுங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவித்த குப்பை, சருகை ஒரு அடி தள்ளிப் போடுங்கள்.

எங்கள் வேலியில் செர்ரி காய்க்கிறது. சிவப்பு, மேலே வரி வரியாக இருக்கும். கேக்குக்குப் பயன்படுமா?
– வாசகி, குன்னூர்

குட்டிப் பூசணி போல வரி இருந்தால் அது சுரினாம் செர்ரி, கொய்யாவின் உறவுக்காரச் செடி. கருஞ்சிவப்பாகப் பழுத்தபின் சாப்பிடுங்கள், அதற்கு முன் பிசின் வாடை அடிக்கும். ஜாம் நன்றாக வரும். கேக்குக் கவலையை விடுங்கள், பேக்கரியில் மேலே வைக்கும் செர்ரியே பெரும்பாலும் சாயம் ஏற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான்.

நன்றாகப் பூக்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை. ஒரே ஒரு மரம்தான். காட்டெருமையும் வந்து மேய்கிறது.
– வாசகர், கோத்தகிரி

உங்கள் ஊரில் பூத்ததே பெரிய விஷயம். பெரும்பாலான இனிப்புச் செர்ரி தன் மகரந்தத்தில் காய் பிடிக்காது, பக்கத்தில் பிளம்ஸ் இருந்தும் பயன் இல்லை. வேறு ரகச் செர்ரி வைத்திருப்பவரிடம் பூத்த கிளை ஒன்று வாங்கி, தண்ணீர் பாட்டிலில் செருகி உங்கள் மரத்தில் கட்டுங்கள்; மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கொள்ளும். காய் பிடித்தால், நிறம் மாறுவதற்கு முன்பே வலை போட்டுவிடுங்கள், சின்னான் குருவி உங்களுக்கு முன்னால் ருசி பார்த்துவிடும். காட்டெருமைக்கு வலையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வேலிக்கு உள்ளே, வீட்டுச் சுவரை ஒட்டிய மரம்தான் தப்பும்.