பின்கோடுக்குக் கலெக்டரைத் தெரியாது

கேள்வி: மகளின் கல்லூரி விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பினேன். பின்கோடு 635802 என்று அடித்ததும் மாவட்டம் ‘வேலூர்’ என்று தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மாற்றவே விடவில்லை. நாங்கள் திருப்பத்தூர் மாவட்டமாகி வருடக்கணக்காகிறதே, கம்ப்யூட்டருக்குமா தெரியாது?
- ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: கம்ப்யூட்டருக்கு ஆம்பூரே தெரியாது, ஐயா. பிரியாணி வாசனைகூட அதற்கு எட்டாது. இந்தப் பின்கோடு என்றால் இந்த மாவட்டம் என்று யாரோ என்றைக்கோ ஒரு பட்டியல் தட்டி வைத்திருப்பார். அதை ஒப்பிக்கிறது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றானபோது அந்தப் பட்டியலை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

சரி, அது சோம்பல். பின்கோடை வைத்து மாவட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்ததுதான் அறியாமை. 1972-ல் தபால் பிரிக்க வந்த எண் அது. முதல் மூன்று இலக்கம் கடிதம் பிரிக்கும் வட்டாரம், கடைசி மூன்றும் அஞ்சலகம். கலெக்டர் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தால் அதற்கென்ன? கிருஷ்ணகிரி 635001, உங்கள் 635-தான். ஆரணி 1989-ல், வட ஆற்காட்டைப் பிரித்தபோதே, திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. அதன் பின்கோடு 632301, இன்றும் வேலூரின் 632-ஐ விடவில்லை. அரக்கோணமும் காஞ்சிபுரமும் 631.

தப்பாக ஊகித்ததைக்கூட மன்னிக்கலாம், அதைப் பூட்டி வைத்ததை மன்னிக்க முடியாது. பழைய கணக்குப்பிள்ளையாக இருந்தால் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் திருத்தியிருப்பார்.

ஆனால் மென்பொருளை மட்டும் திட்டிப் பயனில்லை. வேலூரைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை’ என்று தொடங்கி ‘சாமி இல்லாத கோயில்’ என்று இன்னமும் அடுக்குகிறோம். ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குத் திரும்பிவிட்டார். நம் பட்டியலை யார் திருத்துவது?

இப்போதைக்கு, முகவரி வரியிலேயே ‘ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்’ என்று எழுதுங்கள். அப்புறம் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழ் சரிபார்க்கும்போது கேட்டால் காட்டலாம். ‘மாவட்டம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிவகங்கைப் பக்கமும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. கம்ப்யூட்டர் உங்கள் மகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் நான் பொறுப்பில்லை.