குற்றப் பரம்பரைச் சட்டம்: பெயர்ப் பதிவேடும் குற்றவாளியும் (கேள்வி பதில்)

குற்றம், சமூகக் கட்டுப்பாடு பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கைரேகைச் சட்டம் என்று மக்கள் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சுற்றியே இருந்ததால், அதையே மையமாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

செல்வி: ஒரு சாதியையே குற்றவாளி என்று எப்படி அறிவிக்க முடிந்தது? யாரும் வழக்குப் போடவில்லையா?

போட வழியே விடவில்லை. 1871-இல் வட இந்தியாவுக்காக வந்த சட்டம் இது. 1911-இல் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு கூட்டத்தாரை அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தனி ஆள் மீது குற்றத்தை நிரூபிக்க வேண்டிய தேவையே போய்விட்டது.

முருகேசன், உசிலம்பட்டி: எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'ரேகைச் சட்டம்', 'ராதாரிச் சீட்டு' என்பார்கள். நடைமுறையில் என்னதான் நடந்தது?

முதலில் அரசிதழில் அறிவிப்பு. பிறகு மாவட்ட மாஜிஸ்திரேட் உத்தரவில் பெயர்ப் பதிவேடு தயாராகும். குறித்த நாளில் வந்து நிற்க வேண்டும், விரல் ரேகை கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மையான பாடு. பதிவான ஆள் குறித்த இடைவெளியில் ஆஜராக வேண்டும். வீடு மாறினாலும் ஊரை விட்டுப் போனாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பக்கத்து ஊர்ச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகவும் கையில் அனுமதிச் சீட்டு வேண்டும்; அதுதான் ராதாரிச் சீட்டு. தவறினால் அதுவே தனிக் குற்றம். பட்டியலிட்ட குற்றங்களில் இரண்டாவது முறை தண்டனை பெற்றால் குறைந்தது 7 ஆண்டு சிறை, மூன்றாவது முறை ஆயுள் முழுக்க நாடுகடத்தல். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது.

இதை எதிர்த்துத்தான் உங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் உயிரிழந்தார்கள்; மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

பிரியா, முதுகலை மாணவி: முத்திரை குத்தல் கோட்பாட்டுக்கு இதை உதாரணமாக எழுதலாமா மேடம்?

தாராளமாக எழுதுங்கள் பிரியா. குற்றவாளி என்று சமூகம் குத்தும் முத்திரையே ஒருவரை மேலும் பிறழ்வுக்குத் தள்ளும் என்பதுதான் அந்தக் கோட்பாடு. ஆனால் 'திருடன் என்றார்கள், திருடனாகிவிட்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்தால் மதிப்பெண் போகும். சமூகவியலாளர் லெமர்ட் 1951-இல் முதல்நிலைப் பிறழ்வையும் (முத்திரைக்கு முன் நடக்கும் விதிமீறல்) இரண்டாம்நிலைப் பிறழ்வையும் (முத்திரை விழுந்ததால் வரும் விதிமீறல்) பிரித்தார். பிறழ்வு செயலிலேயே இருப்பதில்லை, விதி போடுகிறவர் அதை யார் மீது ஏவுகிறார் என்பதில் இருக்கிறது என்று 1963-இல் இன்னொரு சமூகவியலாளர் பெக்கர் சொன்னார். இந்தச் சட்டத்தில் அது எப்படி ஓடியது என்று காட்டுங்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்து ஆஜராகத் தவறுகிறார். திருட்டே இல்லை, ஆனாலும் தண்டனை விழுகிறது. அது அவர் பெயரில் பழைய தண்டனையாக ஏறுகிறது. வருட முடிவில் எண்ணிக்கை போடும்போது, 'இந்தச் சாதியில் இத்தனை தண்டனைகள்' என்று அதே சட்டத்தை நீட்டிக்கச் சான்றாக வந்து நிற்கிறது. புள்ளிவிவரத்தைப் பார்த்தால் முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான்: சொத்துக் குற்றத்துக்கு எத்தனை, சட்டத்தின் சொந்த விதிகளை மீறியதற்கு எத்தனை?

ராஜ்குமார்: அப்படியானால் களவே நடக்கவில்லை என்கிறீர்களா?

இல்லை. களவு நடந்தது. ஆனால் அதோடு காவலும் இருந்தது. இந்தச் சட்டத்தில் பதிவான கள்ளர் சாதியினர் வாழ்ந்த கள்ளர் நாட்டைச் சுற்றிய ஊர்கள், அவர்கள் ஊரைக் காவல் காக்கும் குடிக்காவலுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தானியமாகவோ பணமாகவோ கொடுத்தன. மாடு காணாமல் போனால் துப்புச் சொல்பவருக்குத் துப்புக்கூலி கொடுத்து மீட்டார்கள். காவல் கூலி கொடுக்காத ஊரில்தான் மாடு காணாமல் போகும் என்ற குற்றச்சாட்டும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டைச் சம்பளப் போலீசின் போட்டியாகப் பார்த்த அரசு, காவல் கூலியை மிரட்டிப் பறிக்கும் பணம் என்று எழுதியது. ஊர்க்காரருக்கு நேற்றுவரை அது வழக்கம். களவு செய்தவரைப் பிடிக்க இந்தியத் தண்டனைச் சட்டமே போதும். களவே செய்யாதவரையும் சேர்த்துப் பதிய வேண்டிய நியாயம் எங்கும் இல்லை.

அன்வர்: சட்டம் போய்விட்டதே, இன்னும் ஏன் பேச வேண்டும்?

சென்னை மாகாணத்தில் 1947-இல் போனது, நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-இல். ஆனால் 1948-லேயே இங்கே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. சாதிக்குப் பதில் தனி ஆள், மற்றபடி அதே பதிவு, அதே ஆஜர். சிறை விதிகளில் சாதிப் பாகுபாட்டையும், சீர்மரபினரை (முன்பு இந்தச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட சாதியினரை) பிறவிக் குற்றவாளிகளாகப் பார்த்த பகுதிகளையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே 2024 அக்டோபரில்தான்.

தேவி: என் தம்பிக்கு நன்னடத்தைப் பிணை கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் அக்கா?

நன்னடத்தைப் பிணை என்றால் இனி ஒழுங்காக நடப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதி. எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கம்மா. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 126 என்றால் அமைதி காக்கும் பிணை, அதிகபட்சம் 1 ஆண்டு. 129 என்றால் வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்ற பேரில், 3 ஆண்டு வரை போகலாம். அடுத்து 130-இன்படி வந்த உத்தரவைப் படியுங்கள். தம்பி மீது வந்த தகவலின் சாரம், பிணைத் தொகை, காலம், எத்தனை ஜாமீன்தாரர் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பெயரை மட்டும் மாற்றி அச்சடித்த படிவமாக, என்ன தகவல் என்றே இல்லாமல் இருந்தால், முதல் ஆட்சேபமே அதுதான். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். விசாரணை தொடங்கி 6 மாதத்துக்குள் முடிய வேண்டும். சிறப்புக் காரணம் எழுதி நீட்டாவிட்டால் அத்தோடு காலாவதி. தேதிகளைக் குறித்துக்கொண்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால் வழக்கறிஞரைக் கேட்கலாம்.