நறுக்கிய பழம் நீர் விடுவது ஏன்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பப்பாளி, தர்பூசணி, அன்னாசி மூன்றையும் நறுக்கி ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஜார்ஜ்டவுன் அலுவலகங்களுக்குக் கொடுக்கிறேன். மறுநாளே அடியில் நீர் தேங்கி, பப்பாளி குழைந்துவிடுகிறது. புளித்த வாடையும் வருகிறது. பழம் சரியில்லையா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பழத்தைக் குறை சொல்லும் முன் கத்தியைப் பாருங்கள். மழுங்கிய கத்தி வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடத்திலிருந்துதான் சாறு இறங்குகிறது. காயம்பட்ட பழம் வேகமாக மூச்சுவிடுவதால் சீக்கிரம் தளர்ந்தும் போகிறது. பப்பாளியை முழுக்கக் கனிந்தபின் நறுக்கினால் குழையத்தான் செய்யும். எக்சோட்டிகா ரகமோ செகாக்கி ரகமோ, தோலில் முக்கால்வாசி மஞ்சள் ஏறி, அழுத்தினால் இன்னும் விறைப்பாக இருக்கும் பழமாக எடுங்கள்.

முதல் நாள் இரவே முழுப் பழத்தை ஐஸ்பெட்டியில் (குளிர்சாதனப் பெட்டியில்) குளிரவிடுங்கள். காலையில் ஓடும் நீரில் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள். வாசனை சேர்க்காத 5 சதவீதக் குளோரின் ப்ளீச்சை லிட்டருக்கு 2 மில்லி கலந்து, அதில் 2 நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசிய பிறகே கத்தி வையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. தர்பூசணித் தோலில் இருக்கும் கிருமியைக் கத்திதான் சதைக்குள் கொண்டுபோகிறது. துண்டுகளைச் சல்லடைத் தட்டில் 10 நிமிடம் வடியவிட்டு, டப்பாவில் அடைத்ததும் 4 டிகிரியில் வையுங்கள்.

மூன்றையும் கலக்க வேண்டாம். முதலில் நீர் விடுவது தர்பூசணி. மற்ற இரண்டும் அதில் ஊறிவிடும். அன்னாசியின் புளிப்பில் நோய்க்கிருமி எளிதில் பெருகாது, பப்பாளியும் தர்பூசணியும் அப்படியல்ல. 4 டிகிரியில் அன்னாசிக்கு 3 நாள் தரலாம், மற்ற இரண்டையும் மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். வெளியில் 2 மணி நேரம்தான் கெடு, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். பினாங்குப் பாலத்து நெரிசலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஐஸ் வைத்த பெட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள். புளித்த டப்பாவைக் கொட்டிவிடுங்கள். வாடை இல்லாததாலேயே நல்லது என்றும் நம்ப வேண்டாம். சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி வாடை காட்டாது.

கேள்வி: திராட்சைப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைத் தாள் இருக்கிறதே, அது எதற்கு?
- வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அதில் சோடியம் மெட்டாபைசல்பைட் இருக்கிறது. பெட்டிக்குள் ஈரம் பட்டதும் கந்தக டை ஆக்சைடு வாயு மெல்லக் கசிந்து, சாம்பல் பூஞ்சணம் பரவாமல் தடுக்கும். வாயு மிஞ்சினால் காம்பு ஓரம் பழம் வெளுத்துக் குழிவிழும். அவற்றை எடுத்துப் போட்டுவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் பெட்டியை வெளியே வைத்துத் திறந்து காற்றாட விடுங்கள். வாங்கும்போது பழத்தைவிடக் காம்பைப் பாருங்கள். பச்சையாக வளைந்தால் புதிது, பழுப்பேறி ஒடிந்தால் பழையது. சாப்பிடப்போகும் அளவை மட்டும் கழுவுங்கள்.

கேள்வி: கொய்யாத் துண்டுகளைக் காற்றே இல்லாமல் வேக்குவம் பையில் அடைத்தால் பல நாள் தாங்குமா?
- வாசகி, ஜெலுத்தோங்

பதில்: நிறம் தாங்கும், ருசி தாங்காது. பழுப்பாக்கும் நொதிக்கு ஆக்சிஜன் தேவை என்பதால் துண்டு வெள்ளையாகவே இருக்கும். ஆனால் நறுக்கிய பழத்துக்கும் உயிர் உண்டு. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன், பைக்குள் 3 முதல் 5 சதவீதமாகக் குறைந்தால் பழம் நிதானமாக மூச்சுவிடும். 1 சதவீதத்துக்கும் கீழே போனால் உள்ளேயே சாராயம் ஊறி வாடை வந்துவிடும். ஆலைகளில் இதற்கென வாயுவை அளவோடு உள்ளே விடும் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டில் எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் தோய்த்து, சாதாரண மூடி டப்பாவில் வைத்தால் போதும்.

கேள்வி: பையோடு ஐஸ்பெட்டியில் வைத்த பெராங்கான் வாழைப்பழம் கறுத்துவிட்டது. தின்னலாமா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: பழுத்தபின் வைத்ததானால் தின்னலாம். 13 டிகிரிக்குக் கீழே தோல்தான் கறுக்கும், சதை கெடுவதில்லை. காயாக வைத்திருந்தால் பிறகு ஒழுங்காகப் பழுக்காது.