பாவித்த கார் வாங்குவோர் கேள்விகள்: என்ஜின் எது, கிரேட் எது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாவித்த கார்களைப் பற்றியவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபோதிலும், வரியோடு சேர்ந்த புதிய விலைகள் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாதிருப்பதால், கொழும்பில் பழைய கார்களே தொடர்ந்து கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றுசேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கிரேட் என்பது, ஒரே மொடலைப் பொருத்தப்பட்ட சாதனங்களை வைத்து உற்பத்தியாளர் பிரிக்கும் வகை.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. கணவர், இரு பிள்ளைகள், மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர். நான் நாளாந்தம் பொரளைக்குப் போய்வர வேண்டும். தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் குடும்பமாக யாழ்ப்பாணம் போவோம். ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு டொயோட்டா விட்ஸ் கார்கள் வந்துள்ளன. ஒன்று 1000 சி.சி.; அலோய் சில்லுகளும் பெரிய திரையும் தோல் இருக்கை உறைகளும் உள்ளன. மற்றது 1300 சி.சி.; முன்னதைவிட ஒரு வருடம் பழையது, சாதாரண எப் கிரேட். தம்பி முதலாவதை வாங்கச் சொல்கிறார், கணவர் இரண்டாவதை வாங்கச் சொல்கிறார். நான் எதை வாங்குவது?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: நான் உங்கள் கணவரின் பக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைப் பின்னர் சொல்கிறேன். முதலில் என்ஜினைப் பார்ப்போம்.

2010 இறுதியில் ஜப்பானில் வெளியான மூன்றாம் தலைமுறை விட்ஸில், 1000 சி.சி. என்று நாம் சொல்வது மூன்று சிலிண்டர்களைக் கொண்ட 996 சி.சி. என்ஜின். அதன் வலு 69 குதிரைவலு, இழுவை 92 நியூட்டன் மீற்றர். 1300 சி.சி. என்பது நான்கு சிலிண்டர்களைக் கொண்ட 1329 சி.சி. என்ஜின், தொடக்ககால மொடல்களில் 95 குதிரைவலுவும் 121 நியூட்டன் மீற்றர் இழுவையும் உண்டு. காலி வீதியில் மாலை நேரத்தில் ஊர்ந்து செல்கையில் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே போவதில்லை. சொல்லப்போனால், தனியாகப் பாடசாலைக்குப் போய்வருவதற்கு மட்டும் கார் தேடியிருந்தால் சின்ன என்ஜினே போதும் என்று நானும் சொல்லியிருப்பேன்.

ஆனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஐந்து பேரும் ஏறி, பைகளையும் ஏற்றி, ஏசியையும் போட்டுக்கொண்டு, திரும்பி வரும்போது பனங்கிழங்குக் கட்டும் மாம்பழப் பெட்டியும் சேர்ந்துவிட்ட நிலையில், இருவழிப் பாதையில் ஒரு நீண்ட லொறியின் பின்னால் நீங்கள் அகப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை முந்துவதற்காக எதிர்ப்பக்கத்தில் நீங்கள் எத்தனை விநாடிகள் இருக்க வேண்டியிருக்கும் என்பதை அந்தக் கூடுதல் இழுவையே தீர்மானிக்கிறது. சின்ன என்ஜினால் அந்த லொறியை முந்த முடியாது என்பதல்ல, படிகள் இல்லாமல் தானாக மாறும் சி.வி.டி. கியர்பெட்டி என்ஜினை அலறவிட்டபடியே வைத்திருக்கும், கார் மட்டும் ஆறுதலாகத்தான் வேகமெடுக்கும். 1300 இதே வேலையைப் பாதி மூச்சில் செய்துவிடும்.

எரிபொருள் கூடுமே என்பது தம்பியின் வாதமாக இருக்கலாம். உதாரணமாக மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்றும், சின்னது லீற்றருக்கு 14, பெரியது 12 கிலோமீற்றர் ஓடுகிறது என்றும், லீற்றர் 300 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், வித்தியாசம் மாதத்துக்கு ஏறத்தாழ 12 லீற்றர், அதாவது சுமார் 3,600 ரூபாய். இது சிறிய தொகை அல்லதான். ஆனால் நெடும்பாதையில் சுமையோடு போகும்போது சின்ன என்ஜினை முழுமூச்சாக வேலை வாங்க வேண்டியிருப்பதால், அங்கே இந்த மிச்சம் பெருமளவு கரைந்துவிடுகிறது.

அப்படியானால் 1000 சி.சி. கார் ஏன் இவ்வளவு விலை போகிறது? நமது நாட்டில் இறக்குமதிக் கார்களுக்கான உற்பத்தி வரி என்ஜின் கொள்ளளவை வைத்தே கணிக்கப்படுகிறது. 1000 சி.சி.க்கு உட்பட்டவற்றுக்கு வரி குறைவாக இருந்தபடியால் அவையே அதிகமாக வந்திறங்கின, அதிகமாக ஓடின, அதனால் விற்பதற்கும் இலகுவானவை என்ற பெயரை எடுத்தன. ஆகவே இன்று நீங்கள் கொடுக்கும் விலையின் ஒரு பகுதி அந்தச் சந்தைப் பெயருக்கானது. இரண்டு வருடங்களில் காரை விற்றுவிடப் போகிறவர் அந்தப் பெயருக்குக் காசு கொடுக்கலாம். பிள்ளைகள் வளரும்வரை வைத்திருக்கப் போகும் நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

இனி கிரேட். அலோய் சில்லு, திரை, தோல் உறை ஆகிய மூன்றையும் பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஒரே பிற்பகலில் எந்தக் காருக்கும் பூட்டிக்கொண்டு வரலாம். உங்கள் தம்பிக்குப் பிடித்த அந்தக் காருக்கும் அவை அங்கேதான் பூட்டப்பட்டனவோ என்னவோ. பின்னர் எந்தக் கடையிலும் பூட்ட முடியாதவைதான் கிரேட் பார்த்து வாங்க வேண்டியவை: பக்கவாட்டுக் காற்றுப்பைகள், திரைபோல விரியும் மேற்பக்கக் காற்றுப்பைகள், பின்னிருக்கையின் நடுவிலும் மூன்று முனைகளைக் கொண்ட ஆசனப்பட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக, வளைவிலோ ஈரத்திலோ கார் சறுக்கும்போது தனித்தனிச் சில்லுகளுக்குப் பிரேக் கொடுத்து அதை நேர்நிறுத்தும் இலத்திரனியல் சறுக்கல் கட்டுப்பாடு. என் நிபந்தனை இந்தக் கடைசி விடயம் பற்றியது.

ஜப்பானில் சாதாரணப் பயணிகள் கார்களின் புதிய மொடல்களுக்கு 2012 ஒக்டோபரிலிருந்தும், ஏற்கெனவே உற்பத்தியில் இருந்த மொடல்களுக்கு 2014 ஒக்டோபரிலிருந்தும் இந்தச் சறுக்கல் கட்டுப்பாடு கட்டாயமாக்கப்பட்டது. விட்ஸ் இரண்டாவது வகை. ஆகவே 2011, 2012 காலத்து விட்ஸில் இது இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும். விளம்பரங்களில் '2014/2016' என்று போடும்போது முதலாவது உற்பத்தி வருடம், இரண்டாவது இலங்கையில் பதிவான வருடம். இலக்கத்தகட்டின் எழுத்துகள் பதிவான காலத்தை மட்டுமே காட்டும். நமக்கு வேண்டியது பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தி வருடம். காரிலேயே பார்க்க விரும்பினால், என்ஜினை இயக்காமல் மின்சாரத்தை மட்டும் போடுங்கள்: சறுக்கும் கார் ஒன்றின் படம் கொண்ட விளக்கு முன்பலகையில் எரிந்து அணைய வேண்டும். காற்றுப்பை விளக்கும் அதேபோல எரிந்து அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால், எப்போதோ வெடித்த காற்றுப்பையை மறைப்பதற்காக விளக்கையே யாரோ துண்டித்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

எப் கிரேட் 1300 இந்தச் சோதனையில் தேறினால் அதையே வாங்குங்கள். தேறாவிட்டால், இரண்டையும் விட்டுவிட்டு 2014 ஒக்டோபருக்குப் பின் உற்பத்தியான 1300 ஒன்று வரும்வரை காத்திருங்கள்; சற்றுக் கூடுதலாக ஓடியிருந்தாலும் பரவாயில்லை. இன்னுமொன்று: தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பை ஊதிகள் பல ஜப்பானியத் தயாரிப்புகளில் உலகளவில் மீளழைக்கப்பட்டவை. வெப்பமும் ஈரப்பதனும் உள்ள இடங்களில் அவற்றினுள் உள்ள வெடிபொருள் வேகமாகச் சிதைகிறது. கொழும்புக் காலநிலை அதற்கு மிக வாய்ப்பானது. வாங்கும் காரின் செசி இலக்கத்தைக் கொடுத்து, அதன் காற்றுப்பை மாற்றப்பட்டதா என்று உற்பத்தியாளரின் உள்ளூர் முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுசுகி வேகன் ஆர் வாங்கப் போகிறேன். எப்எக்ஸை விட எப்இசட்டுக்கும், அதைவிட ஸ்டிங்ரேக்கும் அதிக விலை கேட்கிறார்கள். 'ஸ்டிங்ரே என்றால் பெரிய என்ஜின்' என்கிறார் விற்பனையாளர். ஹட்டனில் உள்ள பெற்றோரிடம் மாதம் ஒருமுறை போய்வருவேன்.
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: விற்பனையாளர் சொல்வது தவறு. வேகன் ஆர் அடங்கும் ஜப்பானின் கெய் வகைச் சிறு கார்களுக்கு 1990 இலிருந்து 660 சி.சி.தான் உச்சவரம்பு, ஸ்டிங்ரே அதற்கு விதிவிலக்கல்ல. 2012 இல் வந்த தலைமுறையில், ஸ்டிங்ரே எக்ஸ் கிரேடில் இருப்பதும் எப்எக்ஸில் இருக்கும் அதே 52 குதிரைவலு என்ஜின்தான். முகப்பும் விளக்குகளும் உள்ளலங்காரமுமே வேறு. காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ பொருத்திய ஸ்டிங்ரே டி மட்டும் 64 குதிரைவலு, 95 நியூட்டன் மீற்றர். சாதாரண என்ஜினின் இழுவை 63 நியூட்டன் மீற்றர். உயரம் கூடக் கூடக் காற்று ஐதாவதால், டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வலுவை இழக்கும். கினிகத்தேனையைத் தாண்டி ஹட்டனுக்கு ஏறும்போது டர்போ கார் அதனால் நன்றாகவே ஏறும். ஆனால் டர்போ பாவிக்கப்பட்ட விதம் முக்கியம்: ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் ஒயில் மாற்றியதற்கான ஆதாரம் இல்லாவிட்டால் அதை நான் தொடமாட்டேன். மாதம் ஒரு பயணத்துக்காக அந்த ஆபத்தை ஏற்பதைவிட, நல்ல நிலையில் உள்ள சாதாரண எப்எக்ஸ் ஒன்றை தாழ்நிலைக் கியரில் பொறுமையாக ஏற்றுவது மேல்.

எப்இசட்டைச் சிலர் 'ஹைபிரிட்' என்று விற்கிறார்கள். 2014 ஓகஸ்டில் வந்த அந்த ஏற்பாட்டில் பட்டியால் இயங்கும் ஒரு சிறிய மோட்டரும், முன்பயணி இருக்கையின் கீழ் சிறிய லிதியம் பற்றரியும் உள்ளன. அது என்ஜினுக்குக் கைகொடுக்கும், நிறுத்தி மீண்டும் புறப்படும்போது சத்தமில்லாமல் இயக்கும். டொயோட்டா அக்குவா என்ற ஹைபிரிட் காரைப் போல மின்சாரத்திலேயே நீண்ட தூரம் ஓடுவது அதன் வேலையல்ல. செசி இலக்கம் எம்எச்34எஸ் என்று தொடங்கினால் அந்த ஏற்பாடு கிடையாது, எம்எச்44எஸ் என்றால் உண்டு. பேச்சை விட இலக்கத்தை நம்புங்கள்.

ஒரு விடயத்தை யாரும் சொல்வதில்லை: கெய் கார்களில் நால்வருக்கே இடம். பின்னிருக்கையில் இரண்டு ஆசனப்பட்டிகள்தான் இருக்கும். பெற்றோரைக் கொழும்புக்கு அழைத்துவரும் எண்ணம் இருந்தால் வீட்டிலுள்ளோரை எண்ணிப் பாருங்கள். தவிர, கெய் வகையில் ஏற்கெனவே உற்பத்தியில் இருந்த மொடல்களுக்குச் சறுக்கல் கட்டுப்பாடு 2018 பெப்ரவரியில்தான் கட்டாயமானது. மலைப்பாதையில் மழைக்காலத்தில் ஓடப்போகும் நீங்கள், அந்த விளக்கு எரிந்து அணையும் வேகன் ஆர் ஒன்றையே தேடுங்கள். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு ஸ்டிங்ரேயின் முகப்புக்குக் கொடுப்பதைவிட நியாயமானது.

கேள்வி: டொயோட்டா அக்குவாவா, ஹொண்டா பிட் ஜிபி5 ஹைபிரிட்டா? அக்குவாவில் எல், எஸ், ஜி என்ற கிரேட்களில் எது?
– தெஹிவளை வாசகர்

பதில்: இரண்டிலும் என்ஜின் 1500 சி.சி.தான், பிரச்சினை அதற்குப் பின்னால் இருக்கிறது. பிட்டில் இரட்டைக் கிளச்சுடன் கூடிய ஏழு வேகக் கியர்பெட்டி. அதிவேகப் பாதையில் ஓட்டுவதற்கு மகிழ்ச்சியான கார் அது, அக்குவாவை விட எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் 2013 செப்டெம்பரில் ஜப்பானில் வெளியான அது, 2014 ஒக்டோபருக்குள் ஐந்து தடவை திருத்தத்துக்காக மீளழைக்கப்பட்டது. அவற்றுள் பல அந்தக் கியர்பெட்டியின் கட்டுப்பாடு தொடர்பானவை. காலையில் தெஹிவளைச் சந்தியில் அடி அடியாக நகரும்போது கிளச் பாதி பிடித்தும் பாதி விட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். அக்குவாவில் அப்படித் தேய்வதற்குக் கிளச்சே இல்லை. என்ஜினையும் மோட்டரையும் கோள்பற்சக்கரத் தொகுதி ஒன்று இணைக்கிறது. உங்கள் ஓட்டம் பெரும்பாலும் நகருக்குள் என்றால் அக்குவா.

கிரேட்களில் எல் என்பது விலைக்காகச் செய்யப்பட்டது. பின்கதவுக் கண்ணாடிகளைக் கையால் சுழற்ற வேண்டும். எஸ் போதுமானது. 2015 இறுதியிலிருந்து, மோதலுக்கு முன் எச்சரித்துத் தானாகப் பிரேக் போடும் தொகுதியோடு வந்தவை உண்டு; முன்கண்ணாடியின் உச்சியில், நடுக்கண்ணாடிக்குப் பின்னால் அதன் உணரிப்பெட்டி தெரியும். அந்தத் தொகுதியுள்ள எஸ், அது இல்லாத ஜியை விட மேலானது. ஆனால் முன்கண்ணாடி மாற்றப்பட்டிருந்தால் உணரி சரியாக அளவமைக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

கிரேட் எதுவானாலும் பற்றரியே பெரிய செலவு. அது 20 தொகுதிகளாக அடுக்கப்பட்ட 144 வோல்ட் நிக்கல் பற்றரி. ஒரு தொகுதி நலிந்தாலும் முழுவதும் தடுமாறும். கராஜில் ஸ்கேன் செய்யும்போது, ஏற்றத்தில் அழுத்தி ஓட்டியபடி தொகுதிகளின் வோல்ட் அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். 'பற்றரி புதிது' என்றால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். நலிந்தவற்றை மட்டும் மாற்றியதையும் புதிது என்பார்கள். பின்னிருக்கைப் பக்கத்திலுள்ள காற்றுத்துவாரத்தில் தூசி அடைந்திருந்தால் பற்றரி வெப்பத்தில் வெந்திருக்கும்.

கேள்வி: ஏல அறிக்கையில் '4.5 கிரேட்' என்று இருந்தால் உயர்ந்த கிரேட்தானே?
– மட்டக்குளி வாசகர்

பதில்: இல்லை. அது ஜப்பான் ஏலத்தில் அந்தக் காரின் நிலைமைக்குக் கொடுத்த புள்ளி. சாதனங்கள் எதுவும் இல்லாத மிகக் கீழ்மட்டக் காரும் 4.5 பெறலாம். என்ன கிரேட் என்பதை அறிய, டொயோட்டாவாக இருந்தால் கார் உடலில் பொறித்த தகட்டிலுள்ள மொடல் குறியீட்டை முழுவதுமாக எழுதிக்கொண்டு போய்த் தேடுங்கள். பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தை யாரும் வாங்கி ஒட்டலாம்.

கேள்வி: ஜப்பான் காருக்கு ஒக்டேன் 95 அடித்தால்தான் என்ஜின் நீடிக்குமா?
– கல்கிசை வாசகி

பதில்: ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கான ஆகக்குறைந்த அளவு 89 ஒக்டேன். சாதாரணப் பெற்றோல் என்று கைநூலில் குறிப்பிடப்பட்ட கார்களுக்கு, மேலே சொன்ன எல்லாவற்றுக்கும், நமது 92 போதும். மிச்சக் காசில் நேரத்துக்கு ஒயில் மாற்றுங்கள்.