இரண்டாம் ஆண்டில் மெலியும் கம்பு நேப்பியர்: அழிப்பதா, திருத்துவதா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் 4 கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் 50 சென்ட் நிலத்தில் கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டேன். முதல் ஆண்டு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மாடுகளுக்குப் போக மீதியும் இருந்தது. இப்போது தூரின் நடுப்பகுதி காய்ந்து, ஓரத்தில் மட்டும் விரல் பருமனில் மெலிந்த தண்டுகள் வருகின்றன. மாடுகளும் இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் கழித்துவிடுகின்றன. போன மாதம் கன்று ஈன்ற மறுநாளே ஒரு மாடு படுத்துவிட்டது. புல்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். இதை அழித்துவிட்டுச் சூப்பர் நேப்பியர் நடலாமா? அதன் விதை எங்கே கிடைக்கும்?

பதில்: அழிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் பயிருக்கு வயதாகிவிட்டதைக் காட்டவில்லை. அறுக்கும் முறையும் அறுத்த பின் கொடுக்கும் ஊட்டமும் தவறியிருப்பதைக் காட்டுகின்றன. இரண்டையும் திருத்தினால் இதே தூர்கள் இன்னும் சில ஆண்டுகள் உங்கள் மாடுகளுக்குத் தீனி தரும்.

விதையைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கம்பு நேப்பியருக்கு முளைக்கும் விதை கிடையாது. கம்பின் குரோமோசோம்கள் 14, நேப்பியரின் குரோமோசோம்கள் 28. இரண்டும் சேர்ந்து பிறந்த ஒட்டுப்புல்லுக்கு 21 என்னும் ஒற்றைப்படை எண்ணிக்கை அமைவதால் அது மலட்டுத்தன்மை கொண்டது, ஆகவே கரணை (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டு) அல்லது வேர்விட்ட தூர்ப்பகுதி வழியாக மட்டுமே அதைப் பெருக்க முடியும். யாராவது 'நேப்பியர் விதை' என்று பொட்டலம் விற்றால் வாங்காதீர்கள். சூப்பர் நேப்பியர் என்று விற்கப்படுவது தாய்லாந்தின் பாக்சோங் பகுதியிலிருந்து வந்த ரகம். அதுவும் நேப்பியருக்கும் கம்புக்கும் பிறந்த ஒட்டுதான். கோ 4 எதனால் மெலிந்ததோ அதே காரணத்தால் அதுவும் உங்கள் நிலத்தில் இரண்டாம் ஆண்டில் மெலியும். கரணைக்குக் கொடுத்த பணம்தான் மிச்சமில்லாமல் போகும்.

இந்தப் புல்லின் பிறப்பிடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் அதன் பசி புரியும். நேப்பியர் வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் புல். ஆற்றங்கரைகளிலும் வண்டல் படிந்த வளமான நிலங்களிலும் யானை மறையும் உயரத்துக்கு வளரும். யானைப்புல் என்ற பெயரும் அதற்கு உண்டு. இன்றைய ஜிம்பாப்வேயிலுள்ள புலவாயோவைச் சேர்ந்த கர்னல் நேப்பியர் இதைத் தீவனமாகப் பயிரிடலாம் என்று வலியுறுத்தியதால் அவர் பெயர் நிலைத்தது. 1953இல் கோயம்புத்தூரில் இதையும் நம் கம்பையும் ஒட்டவைத்து இந்தியாவின் முதல் ஒட்டுப்புல் உருவாக்கப்பட்டது. அந்த வரிசையில் 2008இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டதுதான் உங்களிடம் இருக்கும் கோ 4. வெள்ளம் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலில் வளரப் பழகிய புல்லை நாம் ஒரே துண்டு நிலத்தில் நிறுத்தி, ஆண்டுக்கு ஏழு முறை அறுத்து எடுத்துக்கொள்கிறோம். அந்த வண்டலுக்கு ஈடானதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் 50 சென்ட்டில் ஓர் அறுவடைக்கு 5 டன் பசும்புல் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு நீர். மிஞ்சும் ஒரு டன் உலர்பொருளில் ஏறக்குறைய 14 கிலோ தழைச்சத்து மண்ணைவிட்டு வெளியேறிவிடுகிறது. ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் எக்டருக்கு 75 கிலோ தழைச்சத்து இட வேண்டும் என்ற பரிந்துரை 50 சென்ட்டுக்கு 15 கிலோவாகிறது, அதாவது ஏறக்குறைய 33 கிலோ யூரியா. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இதனுடன் மூன்று அறுவடைக்கு ஒரு முறை 60 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் 13 கிலோ பொட்டாஷும், ஆண்டுக்கு ஒரு முறை 5 டன் மக்கிய தொழுவுரமும் இந்த நிலத்துக்குத் தேவை. தொழுவம் கழுவும் நீரை வாய்க்கால் வெட்டிப் புல்லுக்குப் பாய்ச்சினால் பொட்டாஷ் செலவு குறையும். ஆனால் தினமும் ஒரே மூலையில் தேங்கவிடாமல் இடம் மாற்றிப் பாய்ச்ச வேண்டும்.

அடுத்தது அரிவாள். விரல் பருமனில் தண்டு வருகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், முழங்கால் உயரத்தில் அறுக்கிறீர்கள் என்றே எண்ணினேன். குனிய வேண்டியதில்லை என்பதால் பல பண்ணைகளில் அப்படித்தான் நடக்கிறது. அப்படி விட்ட கட்டையின் மேல் கணுக்களிலிருந்து சிம்புகள் கிளைக்கும். அவற்றுக்குச் சொந்த வேர் கிடையாது என்பதால் அவை பருப்பதில்லை, மண்ணையொட்டிய அடிக்கணு மொட்டுகளையும் எழவிடுவதில்லை. பழைய கட்டைகள் நாளடைவில் மரத்துப்போய் நடுத்தூர் காய்கிறது. தரையிலிருந்து நான்கு விரற்கடைக்கு மேல் கட்டை நிற்காதபடி, கூரிய அரிவாளால் ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மழுங்கிய அரிவாள் தண்டைப் பிளந்து அழுகலுக்கு வழிவிடும்.

காய்ந்த தூர்களைப் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் சீர்செய்யுங்கள். கத்திரி வெயிலில் கை வைக்காதீர்கள். தூரைத் தரையோடு அறுத்தபின் கடப்பாரையால் நடுவே குத்தி நான்காகப் பிளந்து, செத்த பகுதியைக் கிளறி வெளியே எடுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் அது பஞ்சுபோல் உதிரும் பழுப்புக் கட்டையாக இருக்கும். உயிருள்ள ஓரப்பகுதி வெட்டுமுகத்தில் வெண்மையாகவும் ஈரமாகவும் இருக்கும், அதன் அடியில் கொம்பு முளைபோன்ற மொட்டுகள் தெரியும். ஓரப்பகுதிகளில் ஒன்றிரண்டை மட்டும் இடத்திலேயே விட்டுவிட்டு, குழியில் தொழுவுரம் போட்டு மண் அணைத்து அன்றே நீர் பாய்ச்சுங்கள். எடுத்த பகுதிகளை வெற்றிடங்களில் நடலாம். கரணை வைப்பதானால் மூன்று மாதம் முற்றிய தண்டின் நடுப்பகுதியில் இரண்டு பருக்கள் (கணு மொட்டுகள்) உள்ள துண்டாக வெட்டி, ஒரு பரு மண்ணுக்குள்ளும் மற்றொன்று மேலேயும் இருக்குமாறு 60க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றி, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் கொடுங்கள்.

மாடு தண்டைக் கழிப்பது முற்றிய புல்லின் குறை. நட்டபின் முதல் அறுவடைக்கு 75 முதல் 80 நாள். அதன்பின் 45 நாளுக்கு ஒரு முறை என்பது இந்தப் பயிரின் கணக்கு. பத்தடி உயரப் புல்லைப் பார்த்துப் பெருமைப்படாத விவசாயி இல்லை, அந்த மகிழ்ச்சி நியாயமானதுதான். என்றாலும் அந்த உயரத்தில் மாட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நார். நிலத்தை 45 பட்டைகளாகப் பிரித்து நாளுக்கு ஒரு பட்டை அறுங்கள். ஒரு பட்டை ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல்; அதில் ஏறக்குறைய 150 தூர்கள் இருக்கும். மாட்டுக்கு 30 கிலோ வீதம் 4 மாடுகளுக்கு வேண்டிய 120 கிலோவுக்கு ஒரு தூர் முக்கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டினால் போதும். அறுத்த பட்டையில் துளிர் தெரிந்ததும் முக்கால் கிலோ யூரியாவைத் தூர் ஓரத்தில் இட்டு, கொத்தி, மண் அணைத்து நீர் விடுங்கள். பிறகு பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் போதுமானது. நீர் தேங்க மட்டும் விடக்கூடாது. அறுவடை நெருங்கும் நேரத்தில் யூரியா இடவே கூடாது, ஏனெனில் புல்லில் நைட்ரேட் சேர்ந்து மாட்டுக்கு நஞ்சாகும்.

தொடக்கத்தில் மறுகோடிப் பட்டைகளில் புல் முற்றிவிடும். அதைக் கரணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நறுக்கும் இயந்திரத்தில் ஓர் அங்குலத் துண்டுகளாக்கிப் போடுங்கள்.

படுத்த மாட்டைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கன்று ஈன்ற ஒன்றிரண்டு நாளில் காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்தால் அது பெரும்பாலும் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைவதால் வரும் பால் காய்ச்சல். கால்நடை மருத்துவர் நரம்பு வழியே கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் மாடு எழுந்துவிடும். படுத்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் அதைச் செய்யவே வேண்டாம். பால் மிகுந்த கலப்பினப் பசுக்களுக்கு மூன்றாம் ஈற்றுக்குப் பின் இது எந்தத் தீவனத்திலும் வரக்கூடியது. ஆயினும் நேப்பியரை மட்டுமே போடும் வீடுகளில் வாய்ப்பு கூடுகிறது என்பதை மறுக்க மாட்டேன். இந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் உப்பு குடலில் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடுகிறது. இளம்புல்லில் அது மேலும் அதிகம் என்பதால் 40 நாளுக்கு முன் அறுக்காதீர்கள். கறவை மாட்டுக்கு நாள்தோறும் 50 கிராம் தாது உப்புக் கலவையும், 5 கிலோ வேலிமசால் அல்லது அகத்தி, காராமணிக்கொடி போன்ற பயறுவகைத் தழையும் கொடுங்கள். மூன்று வரிசை நேப்பியருக்கு ஒரு வரிசை வேலிமசால் என்று இதே நிலத்திலேயே விதைக்கலாம். சினைமாட்டுக்குக் கன்று ஈனும் முன்பான கடைசி மூன்று வாரங்களில் நேப்பியரைக் குறைத்துச் சோளத்தட்டும் வைக்கோலும் கூட்டுங்கள். நேப்பியரில் மிகுந்திருக்கும் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) அந்த நாட்களில் கெடுதல் செய்கிறது.

தூர்களைச் சீர்செய்தபின் இரண்டாவது சுற்று அறுவடையில் ஏதாவது ஐந்து பட்டைகளின் புல்லைத் தனித்தனியே எடைபோட்டுக் குறித்துவையுங்கள். பட்டைக்கு 120 கிலோ தாண்டினால் பயிரை இப்படியே வைத்துக்கொள்ளலாம். 60 கிலோவைக்கூட எட்டவில்லை என்றால், கரணை வாங்கச் செலவழிக்கும் முன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அந்த முடிவுகளோடு மீண்டும் எழுதுங்கள்.