முகத்துவார ஆய்வுக்கு அயல்நாட்டுத் துணை: நிதியை எங்கே, எப்படிக் கேட்பது?

வாசகர் கேள்வி: நிபோங் திபாலை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது தனியார் உயர்கல்விக் கூடம் ஒன்றில் வேதியியல் விரிவுரையாளராக இருக்கிறேன். கிரியான் ஆறு கடலில் கலக்கும் சேற்றுத் திடல்களில் கெராங் சிப்பி வெகுவாகக் குறைந்துவிட்டதாக மீனவர்கள் சொல்கிறார்கள். காரணத்தை ஆராய ஜப்பானிலும் பிரிட்டனிலும் ஓர் ஆய்வாளர் வீதம் என்னோடு சேர விரும்புகிறார்கள். ஆனால் "நிதி கிடைத்தால் தொடங்கலாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பணத்தை யாரிடம் கேட்பது? எங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயரில் விண்ணப்பிக்கலாமா? என் அப்பா செம்பனை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்; இந்த ஆய்வால் பழி முழுவதும் ஆலையின்மேல் விழுந்துவிடுமோ என்ற தயக்கமும் எனக்கு உண்டு.

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டாய்வு என்றதும் ஏதோ ஓர் உலக அமைப்பு மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்ளும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் பலர். பெரும்பாலான திட்டங்கள் அப்படி அமைந்தவை அல்ல. விண்ணப்ப அழைப்பும் மதிப்பீடும் பொதுவாக இருக்கும்; செலவை மட்டும் ஒவ்வொரு நாட்டின் நிதி அமைப்பும் தன் நாட்டு ஆய்வாளருக்கே கொடுக்கும். பல நாட்டு ஆய்வு நிதி அமைப்புகள் சேர்ந்து 2009இல் தொடங்கிய பெல்மாண்ட் மன்றம் இப்படித்தான் இயங்குகிறது. 2012இல் உருவான ஈ-ஆசியா கூட்டாய்வுத் திட்டமும் அப்படியே; அதில் குறைந்தது மூன்று உறுப்பு நாடுகளின் குழுக்கள் சேர வேண்டும், பிரிட்டன் அதில் உறுப்பினர் அல்ல. ஆகவே ஓர் அழைப்பைப் பார்த்தவுடன் தலைப்பு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல், அந்த ஆண்டு அந்த அழைப்பில் மலேசியாவின் சார்பில் பணம் வைக்கும் அமைப்பு எது என்பதையே முதலில் தேடுங்கள். அப்படி ஓர் அமைப்பு இல்லையென்றால், உங்கள் பெயர் விண்ணப்பத்தில் இருக்கும். உங்கள் படகுக்கு எண்ணெய் போடப் பணம் இருக்காது.

ஜப்பானிய நண்பர் வழியாகச் செல்வதானால் சாட்ரெப்ஸ் என்ற திட்டம் கவனிக்கத் தக்கது. 2008 முதல் நடைபெறும் இத்திட்டத்தில், ஜப்பானியக் குழு தன் நாட்டில் செய்யும் செலவை ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமையும், கூட்டு நாட்டில் ஆகும் செலவை ஜைக்கா என்னும் ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையும் ஏற்கின்றன. காலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். இதில் பலர் தவறவிடும் ஒரு நிபந்தனை உண்டு. ஜப்பானிய ஆய்வாளர் அங்கே விண்ணப்பிக்கும் அதே சுற்றில், மலேசிய அரசின் வழியாக உதவிக் கோரிக்கையும் ஜப்பானிய அரசைச் சென்றடைய வேண்டும். இரண்டில் ஒன்று வராவிட்டாலும் விண்ணப்பம் தகுதி இழக்கும். எனவே உங்கள் நிறுவனத்தின் ஆய்வு நிர்வாகப் பிரிவும் உரிய அமைச்சும் பல மாதங்களுக்கு முன்பே இதை அறிந்திருக்க வேண்டும். இது அளவில் பெரிய திட்டம். முதல் முயற்சியாக இதை எடுத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

கோபே நகரிலிருந்து இயங்கும் ஆசிய பசிபிக் உலக மாற்ற ஆய்வு வலையமைப்பு, வட்டார அளவிலான கூட்டாய்வுகளுக்கு நிதி தருகிறது. மலேசியாவும் ஜப்பானும் அதில் உறுப்பு நாடுகள். பல நாடுகள் சேர்ந்து, வளரும் நாடுகளுக்கு உரிய பங்கு கொடுத்து எழுதப்படும் விண்ணப்பங்களையே அது எதிர்பார்ப்பதால், தாய்லாந்திலோ இந்தோனேசியாவிலோ இதேபோன்ற சேற்றுக் கரையை ஆராயும் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது உங்களுக்கு இரட்டை நன்மை. சிப்பிக் குறைவு உங்கள் ஆற்றுக்கே உரிய சிக்கலா, மலாக்கா நீரிணை முழுவதற்கும் பொதுவானதா என்ற வினாவுக்கும் அப்போது விடை கிடைக்கும்.

பிரிட்டனைப் பொறுத்தவரை முன்னுதாரணம் நன்றாகவே இருக்கிறது. அந்நாட்டின் இயற்கைச் சூழல் ஆய்வு மன்றமும் சிங்கப்பூரின் தேசிய ஆய்வு அறக்கட்டளையும் இணைந்து, நெகிழிக் கழிவு தென்கிழக்காசியக் கடல் சூழலைப் பாதிக்கும் விதத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிதித் திட்டத்தை நடத்தின. மலேசியாவோடு நியூட்டன்–உங்கு ஒமார் நிதி என்ற கூட்டு ஆய்வு நிதி முன்பு இருந்தது. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட பன்னாட்டு அறிவியல் கூட்டாண்மை நிதியிலும் மலேசியா பங்காளி நாடு. ஆயினும் அந்தப் பணத்தில் ஒரு பகுதி வெளிநாட்டு உதவிக் கணக்கிலிருந்து வருவது என்பதை மறக்காதீர்கள். 2021இல் பிரிட்டன் தன் உதவி நிதியைக் குறைத்தபோது, அந்நாட்டு ஆய்வு மன்றங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த செலவுகளுக்கு 120 மில்லியன் பவுண்டு பற்றாக்குறை ஏற்பட்டது. நடந்துகொண்டிருந்த திட்டங்களே குறைக்கப்பட்டன. அயல்நாட்டுப் பணம் பாதியில் நின்றாலும் மாதிரி சேகரிப்பு நிற்காத வகையில், அதன் செலவை மட்டுமாவது உள்நாட்டு நிதியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த உள்நாட்டு நிதிக்கு உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத் திட்டம் உங்களுக்குப் பொருத்தமானது. தொகை பெரியதல்ல, ஆனால் முதன்மை ஆய்வாளர் நீங்களாக இருப்பீர்கள். மதிப்பீட்டுக் குழுக்களில் அமர்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும்: சொந்தமாக ஓராண்டுத் தரவை வைத்திருப்பவரின் விண்ணப்பம், புகழ்பெற்ற அயல்நாட்டுப் பெயர்களை மட்டும் வைத்திருப்பவரின் விண்ணப்பத்தைவிட எளிதாக நம்பிக்கை பெறுகிறது. சிறு தொகையில் தொடங்கி, அந்தத் தரவோடு பெரிய அழைப்பை அணுகுங்கள்.

இனி, பணத்தைவிட முக்கியமானதற்கு வருகிறேன். "முகத்துவாரம் மாசடைந்துள்ளது, ஆராய வேண்டும்" என்ற அளவில் நிற்கும் விண்ணப்பத்துக்கு இன்று எந்த நிதியமும் செவிசாய்ப்பதில்லை. எந்த மாசு, எங்கிருந்து வருகிறது, அது எந்த உயிரினத்தின் எந்தப் பருவத்தைப் பாதிக்கிறது என்ற தொடர்பைக் காட்ட வேண்டும். கெராங் சேற்றின் மேற்பரப்பை ஒட்டியே வாழ்ந்து, அங்கேயே இரையை வடிகட்டி உண்பது. இடம் பெயர்ந்து தப்பிக்க இயலாதது. கரையில் நடப்பது அனைத்தும் அதன் உடலில் பதிவாகும். ஆனால் அது குறைவதற்குக் காரணங்கள் பல இருக்க முடியும்: குஞ்சுச் சிப்பியை அளவுக்கு மீறி அள்ளுவது, வண்டல் படிவு மாறுவது, கனமழைக்குப் பின் உப்புத்தன்மை திடீரென விழுவது, அம்மோனியா, ஆக்சிஜன் குறைவு, பூச்சிக்கொல்லி, நெகிழித் துகள். இவற்றுள் ஒன்றை மட்டும் அளந்துவிட்டு அதையே குற்றவாளி என்று எழுதினால், முதல் மதிப்பீட்டாளரே விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவார்.

கூட்டாய்வு எதற்குப் பயன்படும் என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. முகமட் பௌஸி ஸக்காரியா என்ற மலேசிய ஆய்வாளரும், தோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹிதெஷிகே தகாதாவும் மற்றவர்களும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, மலேசிய ஆறுகளின் வண்டலில் இருந்த எண்ணெய்ச் சேர்மங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடியது. ஹோப்பேன் என்னும் சேர்மங்களின் அமைப்பு ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேறுபடும். அதைக் கொண்டு, வாகனங்களிலிருந்து கழிந்த எஞ்சின் எண்ணெய் ஒரு முக்கிய மூலம் என்று அவர்கள் காட்டினார்கள். கடலில் போகும் கப்பல்களை மட்டுமே நோக்கியிருந்த பார்வை, அதன்பின் நம் ஊர்ப் பட்டறைகளையும் சாலைகளையும் நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று. நுண்ணிய பகுப்பாய்வும், ஆற்றை அறிந்தவர் எழுப்பிய கேள்வியும் ஒன்றுசேர்ந்ததால் கிடைத்த விடை அது. உங்கள் கூட்டிலும் அந்தப் பங்கீடு வேண்டும். அயல்நாட்டவர் கேள்வி கேட்க, நீங்கள் சேறு அள்ளி அனுப்பும் ஏற்பாட்டுக்கு மட்டும் ஒருபோதும் உடன்படாதீர்கள். கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், தரவு எங்கே சேமிக்கப்படும், உங்கள் மாணவர் ஒருவர் அங்கே சென்று பயிற்சி பெறுவாரா என்பவற்றை முதல் மாதிரி எடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஆலையைப் பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஊரில் பாதி வீடுகளின் அடுப்பு அந்த ஆலையை நம்பி எரியும்போது, ஆய்வு என்ற சொல்லே சிலருக்கு அச்சம் தரும். இதற்கு மறைப்பு மருந்தாகாது, அளவீடுதான் மருந்து. ஒரு டன் கச்சாச் செம்பனை எண்ணெய் எடுக்கும்போது இரண்டரை முதல் மூன்றரை டன் வரை கழிவுநீர் உண்டாகிறது. சுத்திகரிக்காத நிலையில் அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். வீட்டுக் கழிவுநீரோடு ஒப்பிட்டால் பல பத்து மடங்கு. 1977ஆம் ஆண்டின் செம்பனை ஆலை விதிமுறைகள் இதைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தின. 1978இல் 5,000 மில்லிகிராமாக இருந்த உச்ச வரம்பு 1984க்குள் 100 ஆக இறக்கப்பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் குளங்களைச் சரியாகப் பராமரிக்கும் ஆலையால் ஆற்றுக்குப் பெரிய தீங்கு இருக்காது. குளம் தூர்ந்து, அடைமழையில் நிரம்பி வழிந்தால் நிலைமை வேறு. இரண்டில் எது உண்மை என்பதை ஊகத்துக்கு விடாமல், வெளியேற்றும் இடத்துக்கு மேலும் கீழும், பழக்குலை வரத்து மிகுந்த மாதங்களிலும் குறைந்த மாதங்களிலும் அளந்து பாருங்கள். கூடவே வீட்டுக் கழிவுக்கு அடையாளமான சலவைத்தூள் சேர்மங்களையும், மனிதக் கழிவைக் காட்டும் கொப்ரோஸ்டனாலையும் அதே மாதிரியில் தேடுங்கள். அண்டையில் பாரிட் புந்தார் பக்கம் நெல்வயல்கள் இருக்கின்றன. உரமும் பூச்சிமருந்தும் அங்கிருந்தும் வரும். எல்லா மூலங்களையும் ஒரே தராசில் நிறுத்தும் ஆய்வு ஆலைக்கும் நியாயமானது. பழி ஆதாரமின்றி எவர்மேலும் விழாது. உங்கள் அப்பாவைப் போன்றவர்களின் அறிவையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் குளம் எந்த மழைக்கு நிரம்பும், எந்த ஆண்டில் எது மாற்றப்பட்டது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது, அவர்கள் சொல்வார்கள். அவர்களின் நேரத்துக்கும் மீனவர்களின் படகுக்கும் நாட்கூலிக் கணக்கில் பணம் ஒதுக்குங்கள். "உள்ளூர் ஒத்துழைப்பு" என்று எழுதிவிட்டு அதற்கெதிரே சுழியம் போடும் செலவுப் பட்டியலைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

செலவுப் பட்டியலில் இன்னும் சில விடுபட்டுப் போவதுண்டு. நெகிழித் துகளை அளப்பதானால் உலோகக் கலன், கண்ணாடிப் புட்டி, பருத்தி மேலாடை, வெற்று மாதிரிகள் (ஆற்று நீரோ சேறோ இல்லாமல், வெளியிலிருந்து துகள் கலக்கிறதா என்று சோதிப்பவை) ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். இல்லையென்றால் உங்கள் சட்டையின் நூலையே ஆற்றின் மாசு என்று எண்ணிவிடுவீர்கள். கடல்சார் மாசு குறித்து ஐ.நா. அமைப்புகளுக்கு அறிவுரை கூறும் கெசாம்ப் என்ற நிபுணர் குழு, நெகிழிக் கண்காணிப்புக்கான வழிகாட்டியை 2019இல் வெளியிட்டது. அதன் முறையைப் பின்பற்றினால் உங்கள் எண்களைப் பிற நாட்டு எண்களோடு ஒப்பிடலாம். நாணய மாற்று ஏற்ற இறக்கத்துக்கும் நிறுவனத்தின் நிர்வாகப் பிடித்தத்துக்கும் இடம் விடுங்கள்.

அனுமதிகளையும் காலக் கணக்கில் சேருங்கள். சிப்பியின் தசையை மரபணு ஆய்வுக்கு வெளியே அனுப்புவதானால் 2017ஆம் ஆண்டின் 795ஆம் சட்டம், அதாவது உயிரியல் வளங்களை அணுகுவதற்கும் பயன் பகிர்வுக்குமான சட்டம், பொருந்தும். உங்கள் பகுதி பினாங்கு, கெடா, பேராக் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கும் இடம் என்பதால், மாதிரி எடுக்கும் ஒவ்வொரு புள்ளியும் எந்த மாநிலத்தில் விழுகிறது என்று வரைபடத்தில் குறித்து வையுங்கள். அயல்நாட்டு ஆய்வாளர் இங்கே களத்தில் இறங்கத் தனி அனுமதி தேவை. அவர்களின் ஆய்வுக் கப்பல் வருவதானால், 1982ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கைப்படி குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே விவரங்களை அளிக்க வேண்டும். உங்கள் வேலை சேற்றுத் திடலில்தான் என்பதால் கப்பலே வேண்டாம் என்பது என் கருத்து. மீனவர் படகு போதும்.

ஊர்ச் சங்கத்தின் பெயரில் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆய்வு மானியங்களுக்கு முடியாது. அவை உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கே உரியவை. ஆனால் பதிவு பெற்ற சங்கமாக இருந்தால், உலகச் சுற்றுச்சூழல் வசதியின் சிறு மானியத் திட்டத்தை அணுகலாம். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக நடைபெறும் அத்திட்டத்தில் ஒரு மானியத்தின் உச்ச அளவு நெடுங்காலம் பொதுவாக 50,000 அமெரிக்க டாலராக இருந்தது; இப்போதைய அளவைக் கேட்டறியுங்கள். அது ஆய்வுக்கூடச் செலவுக்கானது அல்ல. கரையோரக் கண்காணிப்பு, கண்டல் மீட்பு, மீனவர் பதிவேடு போன்ற சமூகச் செயல்களுக்கானது. உங்கள் ஆய்வு மானியமும் சங்கத்தின் சிறு மானியமும் தனித்தனிக் கணக்காக, ஒன்றுக்கொன்று துணையாக நடக்கட்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எழுபதுகளிலேயே ஜூரு ஆற்று மீனவர்களோடு நின்று மாசுச் சிக்கலை எடுத்துரைத்தது; அவர்களிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

எந்த நிதியும் வருவதற்குள் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. முன்னர்ச் சொன்ன தகாதா 2005இல் தொடங்கிய பன்னாட்டு நெகிழிமணிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு, கடற்கரையில் கிடக்கும் நெகிழி மூலமணிகளை, அதாவது நெகிழிப் பொருள்கள் செய்வதற்கான மூலப்பொருளான சிறு மணிகளை, உலகெங்கும் தன்னார்வலர்கள் பொறுக்கி அனுப்புகிறார்கள். நூறு, இருநூறு மணிகளை அலுமினியத் தாளில் சுற்றி உறையிலிட்டு அனுப்பினால், அவற்றில் படிந்துள்ள நச்சுச் சேர்மங்களை அங்கே அளக்கிறார்கள். ஊர்த் தமிழ்ப்பள்ளி மாணவர்களைக் கொண்டு இதைச் செய்ய அஞ்சல் செலவுதான் ஆகும். அதே நேரத்தில், மீனவர்கள் நாள்தோறும் அள்ளும் கெராங்கின் எடையையும் இடத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மானிய அழைப்பு திறக்கும்போது அந்தக் குறிப்பேட்டின் அட்டவணையை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.